சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு யார் கடன் தருவார்?

போன இதழில் என் சித்தப்பாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, ஊர்க் கடன் சங்கத்தில் வாங்கிய பணத்தில் வருஷா வருஷம் சம்பா நட்டு, அதிலேயே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் அவர். அந்த நாலு வரிக்குக் கடிதமும் வாட்ஸ்ஆப்புமாக இத்தனை கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. மலேசியாவில் இருக்கும் நம்மில் பாதிப் பேருக்கு அங்கே தமிழ்நாட்டில் ஊரில் ஒரு பெரியப்பாவோ அத்தையோ இருக்கிறார், மீதிப் பேர் வீட்டில் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் ஏதாவது ஒரு கூட்டுறவுப் பங்குச் சான்றிதழ் கிடக்கிறது, அதனால்தான் போல. சரி, இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அக்கா, திருவாரூர்ப் பக்கம் இருக்கும் என் பெரியப்பா ஒவ்வொரு வருஷமும் போன் பண்ணி, "ஐம்பதாயிரம் அனுப்பு தாயி, சொசைட்டியில் கட்டி எடுக்கணும், பதினைந்து நாளில் திருப்பித் தந்துடறேன்" என்கிறார். சொன்னபடி தந்தும் விடுகிறார். ஆனால் என் வீட்டுக்காரர், கடனைக் கட்டக் கடன் வாங்கி, அதை அடைக்க மறுபடியும் அதே இடத்தில் கடன் வாங்குவதா, இது என்ன கணக்கு என்று சத்தம் போடுகிறார். பெரியப்பா சொல்வது உண்மையா? (செந்தூல் வாசகி)

உண்மைதான், தங்கச்சி. உங்கள் வீட்டுக்காரர் கேட்பதிலும் தப்பில்லை. முதலில் அந்தச் சொசைட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். அதன் முழுப்பெயர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். பலகையில் அப்படி எழுதியிருக்குமே தவிர ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் கடன் வாங்குகிற விவசாயிதான் உறுப்பினர், அவர்தான் பங்குதாரர். சங்கத்துக்குப் பணம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து வரும், அதற்குச் சென்னையில் இருக்கும் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியிலிருந்து வரும், அதற்கும் மேலே 1982ல் தொடங்கிய நபார்டு, அதாவது விவசாயத்துக்கான தேசிய வங்கி, இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் மாதிரிதான். மேலே மடையை அடைத்துவிட்டால் கடைமடைக்கு வராது.

பயிர்க்கடன் எவ்வளவு என்பதைச் சங்கத்துச் செயலாளர் தன் இஷ்டத்துக்குப் போட முடியாது. நெல்லுக்கு ஏக்கருக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு, வாழைக்கு இவ்வளவு என்று மாவட்டத்தில் ஒரு குழு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும். பெரியப்பா கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சிட்டாவும் அடங்கலும் (நிலம் யாருடையது, என்ன பயிர் என்று காட்டும் பதிவு நகல்கள்) வாங்கிவந்து கொடுத்தால், எத்தனை ஏக்கரில் என்ன பயிர் என்று பார்த்துக் கடன் தருவார்கள். ஒரு பகுதி பணமாக வரும், ஒரு பகுதியை யூரியா, டிஏபி உர மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இப்போது வட்டிக்கு வருகிறேன். இந்தக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவிகிதம். ஆனால் கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் விவசாயிக்கு அந்த வட்டியே கிடையாது. 3 சதவிகிதத்தை மத்திய அரசு, ஒழுங்காகக் கட்டியதற்கு ஊக்கமாக ஏற்கிறது, மீதி 4 சதவிகிதத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்கிறது. 3 லட்சம் ரூபாய் வரைக்கும் இப்படி. தேதி தவறினால் இந்தச் சலுகை போய்விடும், கடன் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். ஐம்பதாயிரத்துக்கு வருஷ வட்டி 3,500 ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம், தவணை தவறியவர் என்று பெயர் ஏறிவிட்டால் அடுத்த போகத்துக்குக் கடன் கிடைக்காது. அப்போது வெளியே நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்க வேண்டிவந்தால் அதே ஐம்பதாயிரத்துக்கு வருஷத்தில் 18,000 ரூபாய் போய்விடும். பெரியப்பா பதறுவது இதற்காகத்தான். நெல்லை விற்ற காசு கைக்கு வரும் நாளும் சங்கத்தின் கெடு நாளும் பல வருஷம் ஒத்துப்போவதில்லை. நடுவில் இருக்கும் அந்தப் பதினைந்து நாள் பள்ளத்தைத்தான் நீங்கள் தூர்க்கிறீர்கள். நீங்கள் இல்லையென்றால் அதற்கென்றே வட்டிக்குக் கொடுக்கும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் அந்தப் பதினைந்து நாளுக்கு வாங்கும் வட்டியைக் கேட்டால் வயிறு எரியும்.

இருந்தாலும் இரண்டு விஷயம் கவனியுங்கள். கட்டின உடனே புதுக் கடன் வரும் என்பது நிச்சயமில்லை, மேலே பணம் இல்லையென்றால் வாரக் கணக்கில் இழுக்கும். அதனால் உங்கள் வீட்டு வாடகைக்கு வைத்திருக்கும் காசை எடுத்து அனுப்பாதீர்கள். அப்புறம், கடைசி நாளில் அனுப்பாதீர்கள். இங்கிருந்து அனுப்பும் பணம் நடுவில் ஒரு வார இறுதியில் மாட்டிக்கொண்டால் போச்சு. கட்டிய ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகப்படுவதாக அவர் நினைக்க மாட்டார், ஊரில் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கும் பழக்கமே குறைவு, உங்கள் போனிலாவது ஒரு நகல் இருக்கட்டும்.

நான் ஒரு தடவை சித்தப்பாவோடு சங்கத்துக்குப் போயிருக்கிறேன். ஓட்டுக் கட்டடம், ஒரு மூலையில் உர மூட்டை அடுக்கு, அந்த வாடை கண்ணைக் கரிக்கும். பக்கத்து அறையில் ரேஷன் அரிசிக்கு வரிசை, ஏனென்றால் ரேஷன் கடையையும் பல ஊரில் இதே சங்கம்தான் நடத்துகிறது. செயலாளர் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "போன தடவை தெக்கு வயல்ல புகையான் பூச்சி அடிச்சுதே, இந்தத் தடவை என்ன ரகம் போடறீங்க?" என்று கேட்டார். கோலாலம்பூரில் எனக்கு முப்பது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கி ஒன்று உண்டு. என் தெருப் பெயர்கூட அவர்களுக்குக் கணினியைப் பார்த்தால்தான் தெரியும். சித்தப்பாவிடம் சம்பளச் சீட்டு கிடையாது, அவருடைய தெற்கு வயலைத் தெரிந்த ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், அதனால் அவருக்குக் கடன் கிடைத்தது.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர் கூட்டுறவுக் கடைக்கு நான் பொறுப்பாசிரியை. கூட்டுறவை யார் கண்டுபிடித்தது என்று ஒரு மாணவன் கேட்டான். வெள்ளைக்காரன் என்று சொல்லிவைத்தேன். சரியா? (பினாங்கு, ஆயிர் ஈத்தாம் வாசகி)

டீச்சர், கூட்டுறவுக் கடைக்கு அந்தப் பதில் சரி. 1844ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளிகள் சேர்ந்து திறந்த கடையிலிருந்துதான் அந்தக் கதையை எல்லோரும் தொடங்குவார்கள். கடன் சங்கத்தின் கதை வேறு, அது ஜெர்மனியில் தொடங்குகிறது, அதைப் பையன்களுக்குச் சொல்லலாம், நன்றாக இருக்கும்.

ஃபிரீட்ரிச் வில்ஹெல்ம் ரைஃபைசன் ஒரு சின்ன மலைக் கிராமத்துக்கு மேயர். 1846, 47ல் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம். வசதியானவர்களிடம் பணம் திரட்டி மாவு வாங்கி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். பணக்காரன் கொடுக்க ஏழை வாங்க என்றே இருந்தால் அது ரொம்ப நாள் ஓடாது என்று அவருக்கே பிறகு புரிந்தது. 1864ல் ஹெட்டஸ்டோர்ஃப் என்ற ஊரில் விவசாயிகளே சேர்ந்து ஒரு கடன் சங்கம் வைத்தார்கள். அதில் முக்கியமான விதி, ஒருவர் கட்டாமல் போனால் மற்ற எல்லோரும் தங்கள் சொத்து வரைக்கும் பொறுப்பு. இப்படி ஒரு விதி இருந்தால் ஊரில் ஒருவன் சங்கக் கடனை வாங்கிச் சாராயக் கடைக்குப் போவதைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? ஒரு கிராமத்துக்கு மேல் சங்கத்தை விரிக்காமல் வைத்திருந்ததும் அதற்காகத்தான்.

இது நம்ம பக்கம் எப்படி வந்தது என்றால், அப்போதைய சென்னை அரசாங்கம் ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, விவசாயிக்குக் கடன் தர என்ன வழி என்று ஆராயச் சொன்னது. அவர் ஐரோப்பாவில் நடப்பதையெல்லாம் அலசி 1895லும் 1897லும் இரண்டு தடித்த அறிக்கை கொடுத்தார். அத்தனை நூறு பக்கத்தின் சாரத்தையும் அவரே இரண்டு சொல்லில் சொன்னார்: "ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்." சட்டத்தை எழுதி ஊர் ஊராக விரித்தால் போதாது, ஊருக்கு ஒரு ரைஃபைசன் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1904ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் கிராமத்தில் தமிழ்நாட்டின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவானது.

நம் மலேசியாவுக்கு, அதாவது அன்றைய மலாயாவுக்கு, கூட்டுறவு வந்தது 1922ல். இந்தியாவின் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி இங்கேயும் ஒரு சட்டம் போட்டார்கள். மலாயாவில் முதலில் பதிவான சங்கம் யாருடையது தெரியுமா? தபால் தந்தி ஊழியர்களுடையது. மாதாமாதம் சம்பளம் வருகிறவர்களுக்குச் சங்கம் நடத்துவது சுலபம், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். இன்றைக்கும் இங்கே கூட்டுறவுக் கடன் என்றால் அரசு ஊழியர் சம்பளத்தில் அங்காசா (கூட்டுறவுகளின் தேசிய அமைப்பு) வழியாகப் பிடிப்பதுதான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். நெல் விவசாயியின் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. கெடாவிலும் பேராக்கின் கிரியானிலும் விவசாயி அறுவடைக்கு முன்பே கடைக்காரரிடம் கைநீட்டி, அறுத்ததும் இத்தனை குஞ்சா (நெல் அளக்கும் ஓர் அளவு) நெல் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் பாடி குஞ்சா முறை வேரோடியிருந்தது. கடன் சங்கங்கள் அதோடு ரொம்ப காலம் மல்லுக்கட்டின. வட்டி என்ற சொல்லே இஸ்லாமிய மார்க்கத்துக்கு ஆகாது என்று ஒதுங்கியவர்களும் நிறைய.

கேள்வி: தமிழ்நாட்டில் அடிக்கடி கூட்டுறவுக் கடன் தள்ளுபடி என்று செய்தி வருகிறது. விவசாயிக்கு நல்லதுதானே, ஏன் சிலர் திட்டுகிறார்கள்? (பட்டர்வொர்த் வாசகர்)

எனக்கு இதில் இரண்டு மனம் உண்டு, தம்பி, அதை மறைக்கவில்லை. 2006ல் ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி ஆனது. 2016ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். 2021ல் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். மழை பொய்த்து, மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்காமல், நட்டது எல்லாம் கருகிப்போன வருஷத்தில் கடனை ரத்து செய்வது நியாயம், அதில் எனக்குப் பேச்சே இல்லை. செத்த பயிருக்கு எதை வைத்துக் கட்டுவது?

ஆனால் 2006ல் என் சித்தப்பா வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். அதற்கு முந்தின வருஷம் கெடுவுக்குள் கட்ட வேண்டும் என்று சித்தி தன் சங்கிலியை விற்றார். மூன்றரைப் பவுன். அடகு வைத்தால் மீட்க முடியாது என்று விற்றே விட்டார். கட்டின ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். சில மாதத்தில் தேர்தல் வந்தது, தள்ளுபடி வந்தது. பக்கத்து வயல்காரர் இரண்டு வருஷமாகக் கட்டவே இல்லை, அவருக்கு முழுவதும் போயிற்று. சித்தப்பாவுக்கு ஒரு பைசா இல்லை, அவர்தான் கட்டிவிட்டாரே. சித்தி யாரையும் குறை சொல்லவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறோடு கல்யாண வீட்டுக்கு வருவார், நாங்கள் யாரும் கேட்க மாட்டோம்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் தேர்தல் வரும் வருஷம் யாரும் சீக்கிரமாகக் கட்டுவதில்லை, காத்திருந்து பார்க்கிறார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? அரசாங்கமும் தள்ளுபடிப் பணத்தை ஒரே நாளில் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவதில்லை, தவணை தவணையாக வரும், அதுவரை சங்கத்தின் பெட்டி காலி. கடன் கேட்டுப் போகிறவரிடம், வந்ததும் சொல்கிறேன் என்பார்கள். என்னைக் கேட்டால், கருகின பயிருக்குக் காப்பீட்டுப் பணம் ஒழுங்காகவும் சீக்கிரமாகவும் கைக்கு வர வேண்டும், தள்ளுபடி செய்தே தீர வேண்டிய வருஷத்தில் ஒழுங்காகக் கட்டியவருக்கும் ஒரு பங்கு தர வேண்டும். சித்தி மாதிரி ஆட்களால்தான் அந்தச் சங்கம் இத்தனை வருஷம் நின்றது.

கேள்வி: பாட்டி இறந்த பிறகு அவர் பெட்டியைத் திறந்தோம். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குச் சான்றிதழும் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தன. இதற்கு மதிப்பு உண்டா, கிழித்துப் போடலாமா? (பிறை வாசகர்)

கிழித்துவிடாதீர்கள்! இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பாட்டியின் இறப்புச் சான்றிதழ், அவருடைய ஐசி (அடையாள அட்டை) நகல், உங்கள் ஐசி, இந்தச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் சங்க அலுவலகத்துக்குப் போங்கள். முதலில் கேட்க வேண்டியது, பாட்டி தனக்குப் பிறகு யார் என்று பெனாமா, அதாவது நியமனதாரர் பெயர், எழுதிவைத்தாரா என்பது. எழுதியிருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் வாரிசு என்று காட்டக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும், அலையுங்கள். பழைய ஐசி எண்ணும் பெயரின் எழுத்தும் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதின எழுத்து அது, அதற்காகப் பயப்பட வேண்டாம், கேட்டால் என்ன பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று சொல்வார்கள்.

அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். போருக்கு முன்பே தோட்டங்களில் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் இருந்தன. மாதம் ஏதோ சில வெள்ளி (இந்த நாட்டுப் பணத்துக்கு நாம் சொல்லும் பெயர்) சேர்ப்பார்கள், ஊருக்குக் கப்பல் ஏறும்போது எடுப்பார்கள். பிறகு 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கினவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும், கோயிலும் பள்ளியும் கேட்பாரில்லாமல் நிற்கும். அந்த நேரத்தில்தான் 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, அதையும் ஒரே தடவையில் கட்ட முடியாது என்று மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். அமைச்சராக இருந்தவர், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரத் தொழிலாளிகளிடம் பேசிச் சேர்த்தார். அந்தப் பத்து வெள்ளிகளில் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் புக்கிட் சீடிம். உங்கள் பாட்டியின் புத்தகத்தில் வரிசையாக அந்தப் பத்து வெள்ளி வரவு இருக்கும், பாருங்கள். அன்றைய நாள் சம்பளத்தில் அது எத்தனை நாள் மரம் வெட்டின காசு என்று வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: ஒரு தோழி, தனக்குத் தெரிந்த கூட்டுறவில் பணம் போட்டால் மாதம் 3 சதவிகிதம் தருகிறார்கள், அரசாங்கத்தில் பதிவானதுதான், நீயும் போடு என்கிறாள். ஊழியர் சேமநிதியில் எடுத்த பணம் கையில் இருக்கிறது. போடலாமா? (கிள்ளான் வாசகி)

வேண்டாம், அம்மா. முதலில் அந்தப் பணத்தை இருக்கும் இடத்திலிருந்து எடுக்காதீர்கள், பிறகு மிச்சத்தைப் படியுங்கள்.

மாதம் 3 என்றால் ஆண்டுக்கு 36. எந்தத் தொழிலில் ஒழுங்காக அவ்வளவு வருகிறது? வங்கியில் போடும் பணத்துக்கு பிடிம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) தரும் காப்புறுதி இருக்கிறது, கூட்டுறவில் போடும் பணத்துக்கு அது கிடையாது. பதிவானது என்பது ஒரு படிதான். பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும், 2008லிருந்து கூட்டுறவுகளைக் கண்காணிப்பது அந்த ஆணையம்தான், அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1986ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுகளை மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது. நிலத்திலும் பங்குச் சந்தையிலும் சொந்தக்காரர் கம்பெனிகளிலும் போட்டுத் தொலைத்திருந்தார்கள். பணம் போட்டவர்கள் மூடிய கதவுக்கு முன்னால் நின்றதைப் பார்த்த வயது எனக்கு.

என் அனுபவம் ஒன்று. கோலாலம்பூரில் ஒரு சின்னக் கடன் கூட்டுறவில் நான் ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு கூட்டத்தில் 30,000 வெள்ளிக் கடன் மனு ஒன்று வந்தது. இரண்டு ஜாமீன்தாரர் கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒன்று காலியாக இருந்தது. கேட்டவர் நிர்வாகத்தில் ஒருவருக்கு மைத்துனர். "அக்கா, நம்ம ஆள்தானே, அடுத்த வாரம் போட்டுடுவார்" என்றார்கள். எனக்கும் அவரைத் தெரியும், அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறேன். முகத்தைப் பார்த்து மறுப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. என் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள், கடனையும் கொடுத்தார்கள். நாலு தவணைக்குப் பிறகு கட்டவில்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அறுநூறு உறுப்பினரில் முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவராவது அந்தக் கடனைப் பற்றிக் கேட்பார் என்று கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அந்தத் தேர்தலில் நான் தோற்றேன்.

அதனால் உங்கள் தோழியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்தக் கூட்டுறவின் போன ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையும் தணிக்கைக் கணக்கும் வேண்டும் என்று. அவர் உறுப்பினர் என்றால் அது அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். இல்லை என்றால், அல்லது அதெல்லாம் எதற்கு என்றால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, அவரும் தன் பணத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்று யோசிக்க ஆரம்பிக்கட்டும்.

கேள்வி: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் கூட்டு (சீட்டு) கட்டுகிறோம். இதுவும் கூட்டுறவுதானே? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

பெயர்தான் கிட்டே இருக்கிறது. கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே தடை. கூட்டுத் தலைவி ஓடிவிட்டால் போலீசில் புகார் கொடுக்கவும் உங்களுக்குத் தயக்கம் வரும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் செலாயாங் மொத்தச் சந்தையில் வேலை பார்க்கிறேன். அண்ணன் கேமரன் மலையில் முட்டைக்கோஸ், தக்காளி போடுகிறார். விதை, உரம், மருந்து எல்லாம் தவுக்கே (வியாபாரி முதலாளி) கடனாகத் தருகிறார், காயையும் அவரே எடுத்துக்கொண்டு அவர் சொன்ன விலையைப் போடுகிறார். வருஷக் கடைசியில் கடன் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டு மாதிரி கடன் சங்கம் ஏன் இங்கே இல்லை? (செலாயாங் வாசகர்)

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மேலே பாடி குஞ்சா என்று சொன்னேனே, நெல்லுக்குப் பதில் தக்காளி, மற்றபடி அதேதான்.

ஏன் இல்லை என்றால், இங்கே விவசாயியின் கடன், உரம், விற்பனை எல்லாவற்றையும் 1973ல் வந்த சட்டத்தின் கீழ் விவசாயிகள் சங்கங்களிடம், அதாவது பெர்த்துபுஹான் பெலாடாங்கிடம் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பிருந்த கிராமக் கூட்டுறவுகள் அதில் போய்ச் சேர்ந்தன. 1969ல் தொடங்கிய விவசாய வங்கி இன்றைக்கு அக்ரோபேங்க். இவை இரண்டும் அண்ணனுக்கு எட்டாத இடம் ஒன்றும் இல்லை. ஆனால் கேமரன் மலையில் பலருக்கு நிலம் சொந்தமில்லை, தற்காலிக உரிமம் அல்லது குத்தகைதான், அதை அடமானமாக வைக்க முடியாது. சம்பளச் சீட்டும் கிடையாது. தவுக்கே இந்த இரண்டையும் கேட்பதில்லை. அவருக்கு அண்ணனின் தோட்டத்தைத் தெரியும், எத்தனை வரிசை தக்காளி என்று தெரியும். சித்தப்பாவின் செயலாளருக்குத் தெரிந்த மாதிரியே. அந்த அறிவை அவர் விலையில் கழித்துக்கொள்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை, வெள்ளம் வந்து தோட்டம் போன வருஷம் அண்ணனுக்கு அரிசி வாங்கக் காசு கொடுத்ததும் அவராகத்தான் இருக்கும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அது அண்ணனுக்கு இல்லை. நீங்கள் சந்தையில் நிற்கிறீர்கள். அதிகாலை இரண்டு மணிக்குக் கேமரன் லாரி இறங்கும்போது தக்காளி கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, காய், சந்தை விலை, அதே நாளில் அண்ணனுக்குத் தவுக்கே போட்ட விலை. லாரி வாடகை, கழிவு என்று அவர் பிடித்ததையும் எழுதுங்கள், நியாயமான செலவு அதில் உண்டு. அண்ணனிடம் வாங்கின விதை, உரத்துக்குச் சீட்டுக் கேட்கச் சொல்லுங்கள், கடை விலை என்ன என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஆறு மாதம் இப்படி எழுதினால் உங்கள் அண்ணன் கட்டுவது வட்டி எவ்வளவு என்று முதல் தடவையாகத் தெரியும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் இதே மாதிரி எழுதினால் இன்னும் நல்லது. அந்த நோட்டோடுதான் விவசாயிகள் சங்கத்துக்கும் அக்ரோபேங்குக்கும் போக வேண்டும், வெறும் கையோடு போனால் சம்பளச் சீட்டைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தவுக்கேயிடம் இப்போதே சண்டை போட வேண்டாம். அடுத்த நடவுக்கு விதை அவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். நோட்டு ஆறு மாதம் ஆனதும் எனக்கு அதன் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.